சாமி என்று ஒருவரைக் கூப்பிடும்போது

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். இன்னும் விடியவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்து டீக்கடை ஒன்றின் முன்னால் வேன் வந்து நின்றது. கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகப் பதினைந்து பேர் இறங்கினார்கள். பேரருவியில் குளித்துவிட்டு, செங்கோட்டை, புளியரை வழியாக மலை ஏறி, ஆரியங்காவு சாஸ்தாவைக் கும்பிட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போகிறவர்கள். இந்தச் சாலைக்கு அது வருஷா வருஷம் பழகிய காட்சி.

கூட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. முதல் தடவை மாலை போட்ட கன்னிச்சாமி. குளிரில் பல் தந்தியடிக்க, பெஞ்சின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. டீக்கடைப் பெரியவருக்கு அறுபத்தைந்துக்குக் குறையாது. பாலை ஒரு தம்ளரிலிருந்து இன்னொரு தம்ளருக்கு ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"சாமி, சூடு தாங்குமா? இன்னும் ரெண்டு ஆத்து ஆத்திரட்டுமா?"

"போதும் சாமி. குடுங்க."

பெரியவர் தம்ளரை வேட்டி முனையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். பிள்ளையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. அறுபதைத் தாண்டியவர் ஏழு வயதைச் சாமி என்கிறார். ஏழு வயது அவரைச் சாமி என்கிறது. பக்கத்தில் இருந்த யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று.

காரணம், இதே ஊரில், இதே சொல்லை, இதே வயதுக்காரர்கள் சொல்லிக்கொண்ட இன்னொரு காட்சி எனக்குத் தெரியும். நான் பார்த்ததில்லை, என் தாத்தா சொன்னது. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, வீட்டு வயலில் வேலை பார்த்த ஒரு கிழவர் நெல் அளந்து வாங்க வருவாராம். வாசற்படிக்கு எட்டடி முன்னாலேயே நின்றுவிடுவார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். தெருமுனையிலேயே கழற்றிய செருப்பு கக்கத்தில் இருக்கும். உள்ளே இருக்கிற பத்து வயதுப் பையனைப் பார்த்துக் கூப்பிடுவார்: "கும்பிடுதேன் சாமி."

தாத்தா கடைசிக் காலத்தில், படுக்கையில் கிடந்தபடி, ஒரு மத்தியானம் இதைச் சொன்னார். "அவரு என்னயச் சாமின்னாரு. நான் அவரப் பேரச் சொல்லி, ஏலே, அங்ஙனயே நில்லுன்னேன். அம்புட்டுச் சின்னப் பய நான். அப்ப ஒண்ணும் தெரியல. இப்பத்தான் உடம்பு கூசுது." அதற்குமேல் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு இடத்திலும் ஒரு கிழவர், ஒரு பிள்ளை, சாமி என்ற ஒரே சொல். ஒன்றைக் கேட்டால் நெஞ்சு குளிர்கிறது. ஒன்றைக் கேட்டால் உடம்பு கூசுகிறது. சொல்லில் எழுத்து மாறவில்லை. அப்படியானால் மாறியது என்ன? மனிதனை மனிதன் தெய்வமாக்கிக் கூப்பிடுகிற இந்தச் சொல், எந்த இடத்தில் பூவாகிறது, எந்த இடத்தில் நுகத்தடியாகிறது? அன்று ஆறிப்போன டீயோடு தொடங்கிய கேள்வி, பல வருஷமாக என்னோடு நடந்து வருகிறது.

முதலில் சொல்லையே பிரித்துப் பார்த்தேன். சாமி என்பது வடமொழி 'ஸ்வாமி' நம் நாக்கில் உருண்டு தேய்ந்த வடிவம். அதன் முதலில் நிற்பது 'ஸ்வ'. தன், தன்னுடையது என்று அர்த்தம். அப்படியானால் ஸ்வாமி என்பவன் தனக்கென்று உடைமை உள்ளவன். நிலத்தை உடையவன், வீட்டை உடையவன், ஆட்களை உடையவன். எசமானுக்கும் கணவனுக்கும் அரசனுக்கும் அந்தச் சொல் வழங்கியது. தெய்வத்துக்கும் அதுவே ஆயிற்று.

வடமொழியில்தான் இப்படி என்று தள்ளிவிட முடியவில்லை. நம் சொற்களும் அதே வழியில்தான் வந்திருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அரசரும் 'உடையார்', கருவறையில் இருக்கிறவரும் 'உடையார்'. ஆள்கிறவன் என்ற வேரிலிருந்துதான் 'ஆண்டவன்' வந்தான். வயலில் வேலை செய்தவர்கள் நிலக்காரரைக் கூப்பிட்ட 'ஆண்டை'யும் அதே வேர். 'இறை' என்றால் அரசன், அவன் வாங்குகிற வரிக்கும் இறை என்றே பெயர். வரி நீக்கிக் கொடுத்த நிலத்தை 'இறையிலி' என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்த இறையிலிருந்துதான் நாம் 'இறைவன்' என்று உருகுகிறோம். கோ இருக்கும் இல் கோயில், கோவும் அரசன்தான். குற்றாலநாதர் என்கிறோமே, அந்த நாதன் என்ற சொல்லுக்கும் தலைவன், உடையவன் என்றுதான் பொருள்.

தெய்வத்தை அழைக்க மனிதன் சொல் தேடியபோது, தன் கண்முன்னே பெரியவனாக நின்ற உடைமைக்காரனின் பெயரையே எடுத்துக் கொடுத்திருக்கிறான். அது அவன் குற்றமில்லை. கையில் இருந்த சொல் அதுதான். ஆனால் அதன் விலையை நெடுங்காலம் கொடுக்க வேண்டியிருந்தது. தெய்வத்தை உடைமைக்காரனின் பெயரால் கூப்பிட்டதால், உடைமைக்காரன் தன்னைத் தெய்வம் என்று நினைத்துக்கொண்டான். நிலம் உள்ளவன் சாமியானான். நிலமில்லாதவன் அந்தச் சாமியின் உடைமைகளில் ஒன்றானான். தாத்தா வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற கிழவரின் வாயில் இருந்தது பக்தியா? அன்றைக்கு அளக்கப்போகிற நெல் அல்லவா அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து இழுத்தது!

மேலகரத்திலிருந்து செங்கோட்டை கூப்பிடு தூரம் மாதிரிதான். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை அது மலையாளச் சீமை. பழைய திருவிதாங்கூரில் யார் தலைப்பாகை கட்டலாம், யார் எப்படி உடுத்தலாம், யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் பிறப்பைப் பார்த்து வகுக்கப்பட்டிருந்தது. அந்தச் சமஸ்தானத்தின் தென்கோடியில், சாமித்தோப்பில், 1809இல் பிறந்தவர் அய்யா வைகுண்டர். தலைப்பாகை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிட வரச் சொன்னார். மன்னர் அவரைச் சிறையில் வைத்தார். அவர் வழியில் வந்தவர்களின் நிழல் தாங்கல்களுக்குள் போனால், கருவறையில் சிலை இருக்காது. ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும். எதிரே விளக்கு எரியும்.

தினமும் குனிந்து குனிந்து, தன் நிழலைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத ஒரு மனிதன், முதல் தடவை அங்கே போய் நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். கும்பிடுவதற்காகத் தலை நிமிர்ந்தால், எதிரே தலைப்பாகையோடு ஒருவர் நிற்கிறார். அவரும் இவரைக் கும்பிடுகிறார். அந்தக் கணத்தில் அவருக்குத் தொண்டை அடைத்திருக்கும். வாழ்நாள் முழுக்கச் சாமி, சாமி என்று எங்கெங்கோ கொடுத்த சொல் முதல் தடவையாக அவரிடமே திரும்பி வருகிறது.

அந்தக் கண்ணாடி என் கேள்விக்குப் பாதி பதில் சொல்லிவிட்டது. திரும்பி வராத 'சாமி' பாரம். தாத்தா வீட்டு வாசலில் அந்தச் சொல் போனது, திரும்பி வரவில்லை. அதற்குப் பதில் 'ஏலே' வந்தது. டீக்கடையில் அந்தச் சொல் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. சபரிமலைச் சந்நிதியின் முகப்பில் 'தத்துவமஸி' என்று எழுதியிருக்கிறது. அதுவே நீ என்று பொருள். நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து, இருமுடி சுமந்து, பதினெட்டுப் படி ஏறிப் போகிறவனுக்கு அங்கே வைத்திருப்பதும் எழுத்தில் ஒரு கண்ணாடிதான்.

மீதிப் பாதியைத் தேடி 'கும்பிடு' என்ற சொல்லிடம் போனேன். இது நம் சொந்தச் சொல். கூம்பு, கூப்பு, குவி, கும்பு எல்லாம் ஒரே குடும்பம். மாலையில் தாமரை கூம்புகிறது; இதழெல்லாம் ஒன்றாகக் குவிகிறது. கையையும் அப்படிக் குவிப்பதுதான் கும்பிடுவது. இந்த வேரில் அரசனும் இல்லை, வரியும் இல்லை, உடைமையும் இல்லை. ஒரு மொட்டு மட்டும் இருக்கிறது.

ஒரு நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்து கையைக் கூப்பிப் பார்த்தேன். சிறுவயதிலிருந்து ஆயிரம் தடவை செய்ததுதான், அன்றைக்குத்தான் கவனித்தேன். இரண்டு உள்ளங்கையும் ஒட்டிக்கொண்டால், நடுவில் எதுவும் நிற்க இடமில்லை. கையில் சாவி இருந்தால் கீழே வைத்துவிட்டுத்தான் கும்பிட வேண்டும். பணம் இருந்தால் மடியில் செருகிவிட்டுத்தான் கும்பிட வேண்டும். கம்பும் கத்தியும் வைத்துக்கொண்டு கை கூப்ப வராது. கும்பிடுகிற கை வெறுங்கை. சாமி என்ற சொல்லுக்கு உடைமை உள்ளவன் என்று அர்த்தம். கும்பிடு என்ற செயலுக்கோ கையில் ஒன்றும் இல்லாதவன்தான் தகுதியானவன். 'கும்பிடுதேன் சாமி' என்ற இரண்டு சொல்லுக்குள் இப்படி இரண்டு எதிர் எதிர் உலகங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன.

இந்த இரண்டில் எந்த உலகத்தின் பக்கம் நம் ஜனங்கள் நின்றார்கள்? பாபநாசம் மலைக்குள், காரையாற்றில், தாமிரபரணிக் கரையில் சொரிமுத்தையனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு நெல்லை, தென்காசிச் சீமையே அங்கே திரளும். அங்கே பட்டவராயன் என்று ஒரு சாமி உண்டு. அவர் வானத்திலிருந்து இறங்கியவர் இல்லை; மனிதர். முத்துப்பட்டன் கதை என்று வில்லுப்பாட்டில் பாடுகிறார்களே, நா. வானமாமலை பதிப்பித்தாரே, அந்தக் கதையின் நாயகர். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, தோல் தொழில் செய்த வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையை விரும்பினார். பெண் கேட்டுப் போனபோது தகப்பனார் சொன்ன நிபந்தனைப்படி பூணூலைக் கழற்றினார். செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். கடைசியில், அவர்கள் வீட்டு மாடுகளை ஓட்டிப்போன கள்வர்களோடு மல்லுக்கட்டி உயிர்விட்டார்.

அவருக்கு இன்றைக்கும் ஜனங்கள் கொண்டுபோய்க் கட்டுகிற காணிக்கை, செருப்பு. தோல் செருப்பு. அது வருஷத்துக்குள் தேய்ந்துவிடுகிறது, பட்டவராயர் ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் காவல் சுற்றுகிறார் என்று நம்புகிறார்கள். நம்பிக்கையை ஆராய்ச்சி செய்ய நான் வரவில்லை. எனக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. எந்தச் செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிழவர்கள் 'சாமி' என்று நின்றார்களோ, அந்தச் செருப்பு இங்கே சாமியின் சந்நிதியில் தொங்குகிறது. எத்தனையோ நிலக்காரர்களை நாவால் சாமி என்று சொன்ன ஜனங்கள், அவர்களில் ஒருவருக்கும் பீடம் போட்டுக் கொடை நடத்தவில்லை. பிறப்பையும் உறவையும் கையிலிருந்து கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தவனுக்குத்தான் படையல் வைத்தார்கள். பயத்தில் சொன்னது வாசலோடு நின்றுவிட்டது. நெஞ்சு சொன்னது கோயிலாயிற்று.

உடைமை என்பதே பொல்லாதது, 'என்' என்ற சொல்லே ஆகாது என்று முடிவுகட்ட இருந்தேன். அங்கே என்னைத் தடுத்தவர் மேலகரத்துக்காரர் ஒருவர். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயராயிற்று. அந்த நூலில், குற்றாலநாதர் மேல் காதல் கொண்டு வாடுகிற வசந்தவல்லி, மாளிகைப் பெண், ஊர் ஊராகச் சுற்றுகிற குறத்திமுன் கையை நீட்டிக் குறி கேட்பாள். குறத்தி தன் மலையைப் பற்றிப் பெருமை பேசுவாள். குரங்கு விளையாடுவதும் அருவி கொட்டுவதும் சொல்லிச் சொல்லி, அது எங்களுடையது என்று மார்தட்டுவாள். பட்டா அவள் பேரில் இல்லை. வேலி போடவும் மாட்டாள். யாரையும் எட்டடி தள்ளி நிற்கச் சொல்லவும் மாட்டாள். ஆனாலும் அவள் சொல்லும்போது அந்த மலை அவளுடையதுதான் என்று நமக்குத் தெரிகிறது. அவள் மலையை உடையவள். மலை அவளை உடையது.

இதே இலக்கணம் ஒவ்வொரு வீட்டுத் தொட்டிலடியிலும் கேட்கிறது. காய்ச்சல் விட்டு வேர்த்துக் கிடக்கிற பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு தாய் சொல்வாள்: "எஞ்சாமி, எந்திச்சு ஒரு வாய் கஞ்சி குடிய்யா." எஞ்சாமி. இந்தச் சொல்லை எத்தனையோ தடவை கேட்டிருப்போம். பிரித்துப் பார்த்திருக்க மாட்டோம். 'என்' என்றால் நான் உடையது. 'சாமி' என்றால் என்னை உடையவன். ஒரு மூச்சில் இரண்டையும் சொல்கிறாள். நீ எனக்குச் சொந்தம், நான் உனக்குச் சொந்தம். எசமான் யார், அடிமை யார் என்று இங்கே யாராவது பிரித்துச் சொல்ல முடியுமா? உடைமைக்காரனின் வாசலில் கூனிக்குறுகி நின்ற அதே சொல், தாயின் வாயில் வந்ததும் நிமிர்ந்துவிட்டது.

ஆக, 'சாமி' என்ற சொல்லில் குற்றமில்லை. யார் எதைக் கீழே வைத்துவிட்டு அதைச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இருக்கிறவன் முன்னால் இல்லாதவன் சொன்னால், அவன் கீழே வைப்பதற்குத் தன்மானத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதையே வைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இருக்கிறவன் தன் வயதையும் பணத்தையும் பதவியையும் கீழே வைத்துவிட்டு, தன்னிலும் எளியவனைப் பார்த்துச் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்கு உயிர் வருகிறது. டீக்கடைப் பெரியவர் கீழே வைத்தது தன் அறுபத்தைந்து வயதை. மாலை போட்டிருக்கிற முதலாளி, மாலை போட்டிருக்கிற தன் லாரி கிளீனரைச் சாமி என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடும்போது, கீழே வைப்பது முதலாளித்தனத்தை.

ஆனால் நாற்பத்திரண்டாம் நாள் என்று ஒன்று வருகிறது. மாலையைக் கழற்றுகிறோம். கறுப்பு வேட்டி கொடியில் காய்கிறது. முதலாளி முதலாளியாகிறார், கிளீனர் 'ஏய்' ஆகிறான். கீழே வைத்ததையெல்லாம் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். நானும் மாலை போட்டவன். நானும் கழற்றியவன். கழற்றிய மறுநாள், வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய வந்தவரை நான் எப்படிக் கூப்பிட்டேன் என்பது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. தாத்தாவின் கூச்சம் எனக்கும் குடும்பச் சொத்தாக வந்திருக்கிறது. நாற்பத்தொரு நாள் முடியும் ஒரு விஷயம், முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஏன் முடியவில்லை? அப்படி ஒருவரால் முடிந்ததா? முடிந்தவர் யார்?

பதில் மூன்று கிலோமீட்டர் தள்ளி, தென்காசியில், கல்லில் இருந்தது.

காசி விசுவநாதர் கோயிலை எழுப்பியவர் பராக்கிரம பாண்டியன். மதுரை கைவிட்டுப் போய், பாண்டியர் தெற்கே தென்காசிக்கு ஒதுங்கியிருந்த காலம். 1446இல் திருப்பணி தொடங்கியது. அந்த அரசர் கல்லில் வெட்டிவைத்த பாடல்கள் உண்டு. கோயில் கட்டிய அரசர்கள் கல்லில் என்ன எழுதுவார்கள் என்று நமக்குத் தெரியும். தம் பட்டப்பெயர்கள், வென்ற நாடுகள், கொடுத்த தானம். சேதப்படுத்துகிறவர்கள் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்கள் என்று சாபமும் இருக்கும். பராக்கிரம பாண்டியன் பாட்டில் சொல்லியிருப்பது வேறு. இந்தக் கோயில் தெய்வத்தின் செயலால் அமைந்தது, என் செயலால் இல்லை என்கிறார். பின்னால் இதை இன்னும் விரித்துக் காப்பாற்றப்போகிறவர்கள் யாரோ, அவர்கள் காலில் நான் விழுகிறேன், அவர்கள் ஏவிய வேலையைச் செய்து பணிந்திருப்பேன் என்கிறார். இன்னொரு பாட்டில், இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்து காக்கிறவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவர்களை இப்போதே பணிந்தேன் என்கிறார்.

இதை முதல் தடவை படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இந்தக் கோயிலை யாராவது என்னுடையது என்று சொல்லலாம் என்றால், அதற்கு முழு உரிமை உள்ளவர் அவர். உடையார், இறை, கோ, நாதன், சாமி என்ற அத்தனை சொல்லும் அரசன் என்ற முறையில் அவருக்குப் பொருந்தும். அவர் அத்தனையையும் கீழே வைக்கிறார். 'என் செயல் இல்லை' என்று கையை வெறுமையாக்கிக்கொள்கிறார். அப்புறம் அந்த வெறுங்கையைக் கூப்புகிறார். யாரைப் பார்த்து? இன்னும் பிறக்காத ஒருவரைப் பார்த்து. அவர் பெயர் தெரியாது. என்ன சாதி, என்ன பாஷை, எந்த ஊர், எதுவும் தெரியாது. அவரிடமிருந்து அரசருக்கு வரவேண்டியது ஒன்றும் இல்லை. அவரால் அரசருக்கு ஆகவேண்டியதும் இல்லை. பயமும் இல்லாமல், ஆதாயமும் இல்லாமல், முகமும் தெரியாமல் ஒரு கும்பிடு. 'யாராக இருந்தாலும்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் பாண்டியர் உலகம் முழுவதையும் உட்காரவைத்துவிட்டார்.

அந்தக் கும்பிடு காத்திருந்தது. குறையும் வந்தது. ராஜகோபுரம் பிளந்து சிதைந்து, தென்காசிக்காரர்கள் நெடுங்காலம் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள். பிறகு ஊர் கூடி, ஒன்பது நிலைக் கோபுரம் எழும்பி, 1990இல் குடமுழுக்கு நடந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கல்லில் கை கூப்பி நின்ற பாண்டியரின் வணக்கம் அன்றைக்குப் போய்ச் சேர்ந்தது. யாரிடம்? நிதி கொடுத்தவர்களிடமும் முன்னின்று நடத்தியவர்களிடமும் சேர்ந்தது; சரிதான். சாரம் கட்டியவர்களிடமும் சேர்ந்தது. சுதை பிசைந்தவர்களிடம், செங்கல் கைமாற்றியவர்களிடம், தலையில் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி தூக்கியவர்களிடம் சேர்ந்தது. அந்தி வரை வேலை பார்த்து, அன்றாடக் கூலி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிய பெண் ஒருத்தியின் காலில், பாண்டிய நாட்டு அரசர் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறார். அது அவளுக்குத் தெரிந்திருக்காது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். ஒருவரைச் சாமி என்பதால் அவர் உயர்வதில்லை. அவருக்கு ஏற்கெனவே உள்ள உயரம், நம் கை வெறுமையானபோது நம் கண்ணுக்குத் தெரிகிறது. உடைமையைப் பிடித்திருக்கிற கைக்கு எதிரே நிற்கிறவர் ஆள்; அதைக் கீழே வைத்த கைக்கு எதிரே நிற்கிறவர் சாமி. யாரிடமிருந்து நமக்கு எதுவும் ஆகவேண்டியதில்லையோ, யாருக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லையோ, அவரைப் பார்த்து அந்தச் சொல் வாயில் வருகிறதா என்பதுதான் பக்திக்கு உரைகல். மற்றதெல்லாம் நெல் அளக்கிற வாசலில் சொன்னதுதான்.

போன ஐப்பசியில் ஒரு காலை நேரம் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். தென்காசிக் கோபுர வாசலின் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மேற்கே மலைக் கணவாயிலிருந்து வந்து, உள்ளே நுழைகிறவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி அடிக்கும். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலுக்குள் வயதான அம்மா ஒருவர் ஈர்க்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருந்தார். கூட்டிச் சேர்த்த சருகையும் பூவையும் காற்று கலைக்கக் கலைக்க, முணுமுணுக்காமல் மறுபடி மறுபடி சேர்த்தார். பாண்டியர் சொன்ன காரியத்தைத்தான் அவர் செய்துகொண்டிருக்கிறார் என்று சட்டென்று உறைத்தது. கோயிலைக் காக்கிறவர் யாராக இருந்தாலும் என்று எழுதியது இவரையும் சேர்த்துத்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க சாமி, தூசி அடிக்கும்" என்றார்.

மாலை போடும் மாதம் இன்னும் பிறந்திருக்கவில்லை. என் கழுத்தில் ஒன்றும் இல்லை. கையிலிருந்த அர்ச்சனைத் தட்டைத் திண்ணையில் வைத்தேன்.

"சரிங்க சாமி" என்றேன்.